ஒன்பதாம் திருப்பத்து வேகத்தடை

வேகத்தடையைச் சுரண்டும் இயந்திரம் பள்ளிக்கூடத் திருப்பத்துக்கு வந்தபோது காலை ஏழு மணி. ஜெராக்ஸ் அக்கா கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தாள். அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் சாலைக்கு ஓடினாள்.

“யாரைக் கேட்டு இதைச் சுரண்டுறீங்க?”

இயந்திரத்தின் மேலே உட்கார்ந்திருந்தவர் காதை அடைத்திருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. கீழே நின்ற மேஸ்திரி ஒரு தாளை நீட்டினார். அக்கா அதை வாங்கி, வழக்கம்போலக் கடைசி வரியிலிருந்து படித்தாள். இருபத்தைந்து வருடமாக ஊராருக்கு மனு தட்டச்சு செய்து, படிவம் நிரப்பி, நகல் எடுத்துக் கொடுப்பவள். எந்தக் காகிதத்திலும் விஷயம் கடைசி வரியில்தான் பதுங்கியிருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. இந்த ஆண்டின் இறுதி மோட்டார் பந்தயம் நகரச் சாலைகளில் நடக்கப்போகிறது; அதற்காக வழியிலுள்ள வேகத்தடைகள் அகற்றப்படுகின்றன; பந்தயம் முடிந்த அன்றே அவை மீண்டும் அமைக்கப்படும். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தபோது சாலை வழித்துவிட்டது போல இருந்தது. பத்து நிமிட வேலை.

“அன்னைக்கே திரும்பப் போட்டுருவாங்கம்மா. தாள்லயே போட்டிருக்கே,” என்றார் மேஸ்திரி.

“தாள்ல போடுறதுக்கு என்ன? நான் தினம் நூறு தாள்ல போடுறேன். எனக்கே காது குத்துறீங்களா?”

மேஸ்திரி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அது வெறும் தார் மேடு என்று நினைத்தால் அந்தத் தெருவை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். பாலத்திலிருந்து சாலை சரிந்து இறங்கி, தொடக்கப்பள்ளியின் வாசலில் சட்டென்று வளைகிறது. எதிரே அக்காவின் கடை, மாடியில் அவள் வீடு. இறங்குகிற வேகத்தில் வருகிற வண்டிக்கு வளைவு தெரியும்போது குழந்தைகள் பாதிச் சாலையில் இருப்பார்கள். ஒரு முறை டீச்சர் ஒருவரைத் தட்டிவிட்டு ஒரு வண்டி நிற்காமல் போனது. அவர் கை முறிந்தது. அன்றைக்கே அக்கா உட்கார்ந்து, இங்கே வேகத்தடை வேண்டும் என்று முதல் மனுவை அடித்தாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. பரிசீலனை நடந்துகொண்டே இருந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே இடத்தில் ஒரு வேன் அக்காவின் ஒரே மகளை அடித்துப் போட்டது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, ஒட்டும்போது ஓர் அங்குலம் குட்டையாக ஒட்டியது.

காவல் நிலையத்தில் அந்த வேன் ஓட்டுநர் சொன்னதுதான் அக்காவின் நெஞ்சில் இன்றைக்கும் நெருஞ்சியாகக் கிடக்கிறது. “அங்க ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருந்திருந்தா நான் ஏன் சார் வேகமா வரப்போறேன்?” என்றான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் கை எழவில்லை. கணவன் அந்த வருடமே வேலையென்று வேறு ஊர் போனான்; போனவன் போனவன்தான். அக்கா கடையையும், மகளையும், மனுவையும் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வருடம், நாற்பத்தொரு மனு. ஒவ்வொன்றுக்கும் நகல் இருக்கிறது, கடையின் மேல் தட்டில், சிவப்புக் கோப்பில். ஒருமுறை, ‘மேற்படி இடத்தில் விபத்து நிகழ்ந்ததற்கான ஆதாரத்தை இணைக்கவும்’ என்று அலுவலகத்திலிருந்து எழுதிக் கேட்டார்கள். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நிறுத்தினாள். “இதுதான் சார் ஆதாரம். நகல் எடுக்க முடியாது, அசல்தான் இருக்கு,” என்றாள். அதற்கப்புறமும் பதினான்கு மாதம் இழுத்தடித்துத்தான் மேடு வந்தது. வந்து ஐந்து வருடமாக அந்தத் திருப்பத்தில் ஒரு குழந்தைக்கும் சிராய்ப்பு இல்லை. பக்கத்துக் கடைச் சாவிக்காரர் அதை ‘அக்காவோட மேடு’ என்றே சொல்வார். யாராவது வழி கேட்டால், “நேராப் போங்க, அக்காவோட மேடு வரும், அங்க வண்டி குதிக்கும், குதிச்சதும் இறங்கிக்கோங்க,” என்பார்.

அந்த மேடுதான் பத்து நிமிடத்தில் போனது.

இதில் அக்காவின் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது யார் என்றால், பெற்ற மகள். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஒரு செருப்பில் மட்டும் உயரமான அடிப்பாகம் வைத்து நடக்கிற அந்தப் பெண்ணுக்கு, உலகத்தில் வேறு எதுவும் கிடைக்காமல் மோட்டார் பந்தயத்தின் மேல் பைத்தியம். நான்கு வருடமாக ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் மார்ஷலாக நிற்கிறாள். ஆரஞ்சு உடுப்பைப் போட்டுக்கொண்டு தடத்தோரம் நின்று, ஆபத்து என்றால் மஞ்சள் கொடி காட்டுகிற வேலை. பந்தயம் நகரத்துக்குள் வருகிறது என்றதும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தலைமை மார்ஷல் போட்டார்கள். பள்ளிக்கூடத் திருப்பம் அவர்கள் கணக்கில் ஒன்பதாம் திருப்பம். அதற்கு இவள்தான் தலைமை.

“உன்னை அடிச்சுப் போட்ட இடத்துலயே நின்னு கொடி ஆட்டப்போறியா? வெக்கமா இல்ல உனக்கு?”

“நானாத்தாம்மா கேட்டு வாங்கினேன். அந்த வளைவு எப்படி ஏமாத்தும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?”

“என் மேட்டைச் சுரண்டினவனோட சேர்ந்துக்கிட்டு என்கிட்டயே வியாக்கியானமா?”

“வேகமா ஓட்டச் சொல்றது என் வேலை இல்லம்மா. நிறுத்தச் சொல்றதுதான் என் வேலை.”

அதோடு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. சாப்பாடு அடுப்படியில் இருக்கிறது என்பதைக்கூட அக்கா துண்டுச் சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டினாள். அந்தச் சீட்டுக்கும் நகல் எடுத்துக் கோப்பில் வைத்திருப்பாள் என்று சாவிக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பந்தயத்துக்குச் சாலையை மூடும்வரை, தினமும் பள்ளி தொடங்கும் வேளையில் அக்கா தன் கடை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலை நடுவில் போட்டு நின்றாள். ஹாரன் அடித்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பு, மேலே கம்பி வலை. அக்கா தன் வீட்டு ஜன்னலிலேயே கைதி போல நின்று பார்த்தாள். பத்து மணிக்கு ஒரு கார் ஒன்பதாம் திருப்பத்தில் வழுக்கி, தடுப்பில் உரசி நின்றது. ஓட்டியவனுக்கு ஒரு கீறல் இல்லை. இறங்கினான், கையுறையைக் கழற்றி எறிந்தான், வளைவைக் காட்டி ஏதோ கத்தினான். ஆட்கள் ஓடி வந்தார்கள். வயர்லெஸ்ஸில் பேசினார்கள். ஒரு வண்டி வந்தது. தடித்தடியாக மஞ்சள் கட்டைகளை இறக்கி, சாலையைத் துளைத்து, வளைவுக்கு முன்னால் வரிசையாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். அடுத்து வந்த கார்கள் எல்லாம் அங்கே பதுங்கிப் பதுங்கிப் போயின. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து ஐம்பது.

மாலையில் மகள் வீட்டுக்கு வந்ததும், அக்கா எட்டு நாள் மௌனத்தை உடைத்தாள்.

“அந்தக் கார்க்காரன் எத்தனை மனு குடுத்தான்?”

“மனு எல்லாம் இல்லம்மா. வாயால சொன்னாரு.”

“வாயால!” என்றாள் அக்கா. பிறகு சிரித்தாள். மகளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பூட்ஸைக் கழற்றினாள். “எனக்கும்தாம்மா எரிஞ்சுது,” என்று மட்டும் முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பந்தயம். இரைச்சலில் கீழே கடையின் நகல் இயந்திரத்துக் கண்ணாடி கிடுகிடுத்தது. பாதிப் பந்தயத்தில் ஒரு கார் வளைவில் சுழன்று குறுக்கே நின்றுவிட, மகள் மஞ்சள் கொடியை எடுத்து வீசினாள். பாலத்திலிருந்து பாய்ந்து வந்த அத்தனை கார்களும், ஒன்றுவிடாமல், அவள் முன்னால் அடங்கி, வரிசை பிடித்து, மெல்ல ஊர்ந்து போயின. ஒரு கால் குட்டையான பெண் நிற்கிறாள். இருபது கார் அவள் கைக்குக் கட்டுப்படுகிறது. பெருமைப்படுகிறோம் என்று தெரிந்ததும் அக்காவுக்கு அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மூன்றரைக்குப் பந்தயம் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. கால் மணி நேரத்தில் மஞ்சள் கட்டைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்து மாநகராட்சியின் பெயின்ட் வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கி, வழித்து விட்ட அந்தச் சமதரையில், பழைய மேடு இருந்த அதே இடத்தில், வெள்ளைக் கோடுகளைப் பட்டை பட்டையாகப் போட ஆரம்பித்தார்கள். அக்கா ஜன்னலில் ஒரு நிமிடம் புரியாமல் நின்றாள். பிறகு படியிறங்கி ஓடினாள்.

“ஏம்பா, மேடு எங்க?”

“எங்களுக்குக் கோடு போடத்தான் ஆர்டர். மேடு போடுறது வேற செக்‌ஷன்.”

“மேடு போட்டாத்தானேப்பா அது மேல கோடு?”

“அவங்க இன்னும் வரல. நாங்க அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்,” என்று சொல்லிவிட்டு, பெயின்ட்காரர் உயரமே இல்லாத வேகத்தடைக்கு ஓரக் கோடும் அழகாக இழுத்தார்.

அந்த நேரம் மாநகராட்சி இன்ஜினியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கோடுகளைக் கைபேசியில் படம் பிடித்தார். எதையோ தட்டினார். “ஒன்பதாம் திருப்பம் வேகத்தடை, பணி முடிந்தது” என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே அனுப்பினார்.

“எது சார் முடிஞ்சுது?” என்றாள் அக்கா.

“கோடு இருக்கே. மேடும் வந்துரும்மா. அடுத்த பணிப் பட்டியல்ல பாத்துக்கலாம். நீங்க ஒண்ணு பண்ணுங்க, ஒரு மனு குடுத்துருங்க.”

ஒரு மனு. அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. கடைக்குள் போனாள். தாள் வெட்டும்போது வைக்கும் நீளமான இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து, ஈரப் பெயின்ட்டின் மேலேயே குறுக்கே வைத்தாள். ஸ்கேல் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது.

“இதுல மேடு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டுங்க.”

“கோட்டைப் பாத்தாலே வண்டியெல்லாம் மெதுவாப் போகும்மா,” என்றார் இன்ஜினியர். அவர் வாயை மூடுவதற்குள், தடுப்புச் சாமான் ஏற்றிய பந்தய வேன் ஒன்று பாலத்திலிருந்து இறங்கி வந்து, கோட்டின் மேல் சர்ரென்று போனது. அக்கா ஸ்கேலை இழுத்திருக்காவிட்டால் அதுவும் போயிருக்கும். இன்ஜினியர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். பதிவில் முடிந்துவிட்டது; இனி அவர் தலைவலி இல்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு இருநூறு குழந்தைகள் இதே கோட்டின் மேல் நடந்து கடப்பார்கள், கோடு இருக்கிறதே என்ற தைரியத்தில்.

அக்கா திரும்பினாள். வளைவின் ஓரத்தில் மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் புழுதி. எதிரில் பந்தய அதிகாரி, கையில் அட்டையில் செருகிய படிவம். மகள் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

“போடாத!” என்று கத்தினாள் அக்கா. ஸ்கேலோடு அவள் ஓடி வந்ததைப் பார்த்து அதிகாரி ஓரடி பின்வாங்கினார். “எதுல கையெழுத்துப் போடுற? படிச்சியா? கடைசி வரியைப் படி.”

“அம்மா, இது ஒப்படைக்கிற படிவம். எல்லாத் திருப்பத்துக்கும் உள்ளதுதான்.”

“படிடீ!”

மகள் படித்தாள். ‘இப்பகுதிச் சாலை, பந்தயத்துக்கு முன்பிருந்த நிலையிலேயே மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படுகிறது.’ கீழே தலைமை மார்ஷலின் கையொப்பத்துக்கு ஒரு கட்டம். அவள் நிமிர்ந்து வெள்ளைக் கோடுகளைப் பார்த்தாள். அம்மாவின் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தாள். அதில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

“அது சும்மா ஒரு வரிம்மா,” என்றார் அதிகாரி. “மொத்தம் பதினாலு திருப்பம். பதிமூணு கையெழுத்து வந்தாச்சு. உன்னோடது வந்தாத்தான் ரோட்டைத் திறக்க முடியும். ஆறு மணிக்குப் பாலத்தைத் திறக்கணும், அந்தப் பக்கம் பாதி ஊர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்குது.”

“இங்க ஒரு வேகத்தடை இருந்தது சார்.”

“எனக்குத் தெரியாதா? அது மாநகராட்சி பாடு. நீ போட்டுட்டுக் கிளம்பு. அடுத்த வருஷம் வெளியூர்ப் பந்தயத்துக்கெல்லாம் உன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். இப்ப முரண்டு பிடிச்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

நான்கு வருடம் தடத்தோர வெயிலில் நின்று சம்பாதித்த வாய்ப்பு அது. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது, தான் கேட்பது என்ன என்று. ‘வேண்டாம், போட்டுடு’ என்று சொல்லக்கூட வாய் வந்தது. அதற்குள் மகள் படிவத்தைத் தொடையில் வைத்து எழுத ஆரம்பித்திருந்தாள். எழுத்து தெளிவாக விழுந்தது: ‘வேகத்தடை இல்லை. கோடு மட்டுமே உள்ளது. ஒப்படைக்க இயலாது.’ கட்டத்தில் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

“பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன் சார். வெளியூருக்கு வேற ஆளைக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள்.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறப்போன இன்ஜினியரைப் பார்த்தார். அடுத்த பத்து நிமிடம் அந்த இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்ததைக் கேட்கச் சாவிக்காரர் கடைக்குள்ளிருந்து முக்காலியே எடுத்து வந்து போட்டு உட்கார்ந்தார். இன்ஜினியர் நான்கு பேருக்கு ஃபோன் போட்டார். அந்த நான்கு பேரும் அவரை என்ன கேட்டார்களோ, சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். பெரிய ஓட்டலின் வாசலில் பந்தயத்துக்காக உடைத்த நடுத்திட்டைச் சரிசெய்ய, சுடச்சுடத் தாரோடு ஒரு லாரி நின்றிருந்ததாம். ஓட்டல் வாசலுக்குத்தான் முதல் லாரி போயிருந்தது. அது இங்கே திரும்பியது.

லாரி வந்தபோது மணி நான்கு ஐம்பது. அக்கா கடை வாசலில் நாற்காலியைப் போட்டு, கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்தாள். தாரைக் கொட்டினார்கள். பரப்பினார்கள். பெயின்ட்காரர் தான் போட்ட அழகான கோடெல்லாம் மறைவதைப் பார்த்து, “சொல்லியிருந்தா பெயின்ட்டாவது மிச்சமாயிருக்கும்,” என்று அங்கலாய்த்தார். சிறிய உருளை இயந்திரம் ஏறி இறங்கியது. கோடுகள் மறுபடி விழுந்தன. ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது. மகள் ஸ்கேலை வாங்கிப் போய் மேட்டின் மேல் குறுக்கே வைத்தாள். இரண்டு முனையும் அந்தரத்தில் நின்றன. படிவத்தில் எழுதியதை அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

இன்ஜினியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். வேலை முடிந்த நிம்மதியில் அவருக்குச் சிரிப்பு வந்திருந்தது.

“இப்ப திருப்தியாம்மா? பாத்தீங்களா, நாப்பதே நிமிஷம்!”

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“நாப்பது நிமிஷம்,” என்றாள் அக்கா. நாற்காலியிலிருந்து எழுந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாள். “இவளை வேன் அடிக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி நான் முதல் மனு குடுத்தேன் சார். ஒரு முழு வருஷம். அந்த ஒரு வருஷத்துல உங்க ஆஃபீஸ்ல ஒருத்தருக்கும் ஒரு நாப்பது நிமிஷம் கிடைக்கலையா?”

“நான்... நான் அப்போ இந்த வேலையிலேயே இல்லம்மா.”

“யாருமேதான் அப்போ இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன்.”

குரல் உடைந்து, அக்கா அழுதாள். ஆறு வருடம் மனுவோடு அலைந்தபோது அழாதவள், நடுத்தெருவில் நின்று, ஆத்திரத்தில் அழுதாள். இன்ஜினியர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். “கிடைச்சுருச்சேம்மா, ஏன் அழுற?” என்று மகள் தோளைப் பிடித்தாள். “கிடைச்சதுக்குத்தான்டி அழுறேன். இவ்வளவு சுலபமா இது?” என்றாள் அக்கா.

ஆறு மணிக்குத் தடுப்புகளைத் திறந்தார்கள். தேங்கிக் கிடந்த வண்டிகள் பாலத்திலிருந்து இறங்கின. முதலில் வந்த வேன் வெள்ளைக் கோட்டைக் கண்டும் வேகத்தைக் குறைக்காமல் வந்து, மேட்டில் ஏறி, தூக்கிப் போட்டு, பள்ளி வாசலுக்கு முன்னால் தடதடவென்று தட்டுத்தடுமாறி நின்றது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

“எவன்டா இங்க மேடு போட்டது?”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேலோடு சாலை ஓரம் வந்து நின்றாள்.

“நான்தான்டா போட்டேன். மெதுவாப் போ.”